மரக் கழலையில் கடைந்த கிண்ணம் காயும்போது ஏன் வெடிக்கிறது?

கழலை, அதாவது மரத்தில் முண்டாகப் புடைத்து வளரும் பகுதி, இன்னும் ஈரம் காயாமல் பச்சையாக இருக்கும்போதே கடைந்த கிண்ணம் இரண்டே வாரத்தில் வெடித்துவிட்டது என்கிறீர்கள். அடிப்பக்கம் தடிமனாகவும் விளிம்பு மெலிதாகவும் இருந்ததா? அப்படியென்றால் காரணம் அதுதான். மெல்லிய பகுதி முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த பகுதி ஈரத்தோடு விடாமல் இழுத்துப் பிடிக்கும். கழலைக்குள் முளைக்காத மொட்டுகள் நெருங்கிக் கிடப்பதால் மரத்தின் நார் ஓடும் ரேகையும் சுழன்று சுழன்று ஓடும். சுருக்கம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே முடியாது.

முதலில் சுவரை எங்கும் ஒரே கனமாக, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்துக் கடையுங்கள். 25 செ.மீ. கிண்ணத்துக்கு 2.5 செ.மீ. அப்புறம் அதன் சீவல்களோடு காகிதப் பையில் போட்டு வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றபின் மெலிதாக்கலாம், செதுக்கலாம். கழலைக்குள் பட்டை புதைந்த இடங்களில் கடையும்போது துண்டு தெறிக்கும். முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்புக் கவசம் இல்லாமல் கடைசல் இயந்திரத்தை ஓட்டவே ஓட்டாதீர்கள்.