புல்லி, அல்லி, கள்ளன்: பூவின் உறுப்புகள் பற்றிக் கேள்வி பதில்

கே: மகனின் அறிவியல் புத்தகத்தில் 'புல்லி வட்டம்' என்று இருக்கிறது. புல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ப: புல்லை விட்டுவிடுங்கள். புல்லுதல் என்றால் தழுவுதல். 'புல்லிக் கிடந்தேன்' என்று தொடங்கும் 1187ஆம் குறளில் வருவதும் அந்தத் தழுவல்தான். ஒரு செம்பருத்தி மொட்டைப் பறித்துப் பாருங்கள். சிவப்பு எட்டிப் பார்க்கும் வரை ஒரு பச்சைக் கிண்ணம் அதை இறுகப் பிடித்திருக்கும். அந்தக் கிண்ணம்தான் புல்லி. தழுவி நிற்பதால் வந்த பெயர் என்றே நான் கொள்கிறேன். பூ உதிர்ந்த பிறகும் சில செடிகளில் அது போகாது. கத்தரிக்காயின் காம்படியில், விரலில் முள் குத்தும் பச்சைத் தொப்பி இருக்கிறதே, அது அந்தப் பூவின் புல்லி!

கே: அப்போ அல்லி? அது குளத்தில் பூப்பதல்லவா?

ப: அதுவும்தான், இதுவும்தான். புறவிதழ் புல்லி, அகவிதழ் அல்லி. செம்பருத்தியில் சிவப்பாக விரியும் ஐந்தும் அல்லி இதழ்கள். குளத்துப் பூவைச் சங்கப் பாட்டுகள் ஆம்பல் என்கின்றன. புறநானூறு 248இல் கணவனை இழந்த ஒருத்தி பேசுகிறாள்: சின்ன வயதில் தழையாடையாக உடுத்திய வெள்ளாம்பல், இப்போது பொழுது தப்பி உண்ணும் அல்லியரிசியைத் தருகிறதாம். அங்கே அல்லி இதழும் இல்லை, பூவும் இல்லை, சோறு.

கே: மகரந்தம் தமிழா?

ப: வடசொல். அங்கே அதற்குப் பூந்தேன் என்று பொருள். தெலுங்கிலும் மகரந்தம் தேன்தான், தூளுக்குப் புப்பொடி என்பார்கள். நம் பாடப்புத்தகம் அதைத் தூளுக்கு வைத்துவிட்டது. தாது, பூந்தாது என்றாலே போதும்.

கே: பொகுட்டு என்பது எது?

ப: தாமரையின் நடுவில், ஷவர் மூடி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் பகுதி. விதைகள் உட்காரும் இடம். பரிபாடலில் மதுரையே ஒரு தாமரை: இதழ்கள் தெருக்கள், பொகுட்டு பாண்டியனின் அரண்மனை, தாது குடிமக்கள், தாதுண்ண வருகிற வண்டுகள் பரிசில் கேட்டு வருகிறவர்கள். அரசன் பொகுட்டில் இருந்தாலும், வண்டு தேடி வருவது தாதைத்தான்.

கே: வாழைப்பூவில் 'கள்ளன்' எடுக்கச் சொல்கிறார்களே, அது என்ன உறுப்பு?

ப: சூல்தண்டு, அதாவது பூவின் பெண் உறுப்பில் நீண்டு நிற்கும் குச்சி. உச்சியில் குண்டூசித் தலை போல இருப்பது சூல்முடி. எவ்வளவு வேகவைத்தாலும் வேகாது. புத்தகப் பெயரைவிடச் சமையலறைப் பெயர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. பொரியலில் ஒளிந்திருந்து பல்லில் மாட்டுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?