வாசகர் கேள்வி – பதில்: ரிவி செயலியும் தயார் வார்ப்புருக்களும்

கேள்வி: கோணேஸ்வரம் திருவிழா, கன்னியா, நிலாவெளி என்று ஊர்க் காணொளிகளைச் சேர்த்து, லீன்பேக் (ரிவித் திரைகளுக்கான கூகிளின் தயார் நிரல் தொகுப்பு) வார்ப்புருவில் அன்ட்ரொய்ட் ரிவிச் செயலி ஒன்று செய்தேன். போன் எமுலேட்டரில் (கணினியில் போனைப் போல இயங்கும் மென்பொருள்) திறக்கிறது. ரிவியில் நிறுவினால் முகப்பில் ஐகனே இல்லை. – உப்புவெளி வாசகர்

பதில்: செயலியின் விவரங்களை அன்ட்ரொய்டுக்கு அறிவிக்கும் மெனிபெஸ்ட் கோப்பில், முதல் திரையை எங்கிருந்து திறக்கலாம் என்று சொல்லும் இன்டென்ட் பில்டரைப் பாருங்கள். அதில் ‘லோஞ்சர்’ மட்டும்தான் இருக்கும். போனுக்கு அது போதும். ரிவி முகப்பு தேடுவது ‘லீன்பேக் லோஞ்சர்’ வகையை. அதையும் சேருங்கள். கூடவே 320×180 பிக்சலில் ஒரு பேனர் படம் வேண்டும். செயலியின் பெயர் அந்தப் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் செயலி வருமென்றால் பேனரும் மூன்று. தொடுதிரை கட்டாயமில்லை என்று அறிவிக்கும் வரியையும் இப்போதே போட்டுவிடுங்கள். அது விடுபட்டால் பிளே ஸ்டோர் உங்கள் செயலியை ரிவிகளுக்குக் காட்டாது.

கேள்வி: வரிசைகளைச் சேர்த்ததும் ‘கிளாஸ் காஸ்ட்’ பிழை (ஒரு வகைப் பொருளை வேறு வகையாகக் கையாளும்போது வருவது) வந்து செயலி மூடிவிடுகிறது. அதைவிட, காணொளித் தலைப்புகள் பாதியில் வெட்டுப்படுகின்றன. – கிண்ணியா வாசகி

பதில்: காணொளிகளை வரிசை வரிசையாகக் காட்டும் பிரவுஸ் வார்ப்புருவில், தரவைத் திரைக்குக் கொடுக்கும் அடப்டர் இரண்டு அடுக்கு. வெளி அடப்டர் வரிசைகளை வைத்திருக்கிறது. அதற்கு உரிய பிரசன்டர் (தரவைத் திரையில் காட்டும் பகுதி) லிஸ்ட் ரோ பிரசன்டர். ஒவ்வொரு வரிசைக்குள்ளும் இன்னோர் அடப்டர் உண்டு. ஒரு காணொளியின் படமும் தலைப்பும் கொண்ட கார்டைக் காட்ட நீங்கள் எழுதிய கார்ட் பிரசன்டர் போக வேண்டிய இடம் அதுதான். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால், ஒரு காணொளியை எதிர்பார்த்திருக்கும் கார்ட் பிரசன்டரிடம் முழு வரிசையே வந்து சேரும். பெரும்பாலும் இந்தப் பிழைக்கு அதுவே காரணம்.

தலைப்பு வெட்டுப்படுவதற்குக் காரணம், இமேஜ் கார்டில் அதற்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறது. ‘திருக்கோணமலை’ என்ற சொல்லே அதில் பாதியைப் பிடித்துவிடும். தலைப்பைக் காட்டும் வியூவை எடுத்து ‘செட் லைன்ஸ்’ (எப்போதும் இத்தனை வரி) 2 என்று கொடுங்கள். ‘மெக்ஸ் லைன்ஸ்’ (அதிகபட்சம் இத்தனை வரி) வேண்டாம். சிறிய தலைப்புள்ள கார்டுகள் குட்டையாகி வரிசை ஏறுமாறாகத் தெரியும். ரிமோட் எந்தக் கார்டில் நிற்கிறது, எது பெரிதாக வேண்டும் என்பதையெல்லாம் வார்ப்புருவிடமே விட்டுவிடுங்கள். அதில் கை வைத்தால்தான் சிக்கல் தொடங்கும். நீங்களாக வரையும் திரைகளில் மட்டும் பக்கங்களில் 48 டிபி (திரையின் பிக்சல் அடர்த்திக்கேற்ப மாறும் அளவு அலகு), மேலும் கீழும் 27 டிபி இடம் விடுங்கள். சில ரிவிகள் ஓரத்தை விழுங்கிவிடும்.

கேள்வி: 1 ஜிபி ராம் உள்ள பெட்டியில் வரிசைகள் திக்கித் திக்கி நகர்கின்றன. – மூதூர் வாசகர்

பதில்: படங்களின் அளவைப் பாருங்கள். 4000×3000 படம் ஒன்றை முழுதாக விரித்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி. அதே படம் 480×270 என்றால் அரை எம்பிதான். சர்வரிலேயே சிறிய படங்களைச் செய்து வையுங்கள். ஊர் இணைய வேகத்துக்கும் அதுவே நல்லது.

கேள்வி: புதிதாகத் தொடங்குபவர் லீன்பேக் படிக்கலாமா? – தம்பலகாமம் மாணவி

பதில்: வேண்டாம். கூகிள் இப்போது பரிந்துரைப்பது திரைகளை அமைக்கும் புதிய கருவித்தொகுப்பான ‘ரிவிக்கான கம்போஸ்’. அதன் 1.0 பதிப்பு 2024 இல் வந்துவிட்டது.