குடியை விட்டவர்கள் வந்து பேசுவதால் யாராவது மாறுகிறார்களா?

"எங்கள் ஆலைக்குச் சிலர் வந்து தங்கள் குடியைப் பற்றிப் பேசினார்கள். பெயரைச் சொல்லவில்லை. மதுக்கடையை மூடவேண்டும் என்றும் சொல்லவில்லை. இதனால் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப் போய்ப் பேசுகிறவர்களில் நானும் ஒருவன். குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கத்தில் இருக்கும் ஒரு குடிநோயாளி. கடைசியாகக் குடித்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

நாங்கள் பேசும் இடத்திலேயே ஒருவர் மாறி நான் பார்த்ததில்லை. ஒரு ஆலையில் கடைசி வரிசையில் இருந்தவர் முழு நேரமும் தலையைக் குனிந்தபடியே இருந்தார். நாங்கள் நீட்டிய தாளைக்கூட வாங்கவில்லை. நான்கு மாதம் கழித்து எங்கள் கூட்டத்துக்கு வந்தார். "காலையில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பேன் என்று சொன்னீர்களே, அது ஒன்றுதான் நினைவில் நின்றது" என்றார். கல்லீரல் கெடும் என்று அவருக்குப் பல பேர் சொல்லியிருந்தார்கள். கை நடுங்கியதை ஒப்புக்கொண்ட ஒருவனை அன்றுதான் பார்த்திருக்கிறார்.

இந்த வழி தொடங்கியதே அப்படித்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், தொழில் முயற்சி தோற்றுப்போய் ஓட்டலில் தனியாக நின்றிருந்தார் பில் வில்சன், பின்னாளில் எங்கள் சங்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். எதிரே மது அருந்தும் கூடம். குடிக்காமல் இருக்க இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாகவேண்டும் என்று தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினார். அப்படிக் கிடைத்தவர்தான் மற்றவரான அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். பதினைந்து நிமிடம் போதும் என்று வந்தவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பில் அவரைத் திருத்தப் போகவில்லை, தான் பிழைக்கப் போனார். ஆலைக்கு வரும் நாங்களும் அதற்காகவே வருகிறோம்.

பெயரை மறைப்பது வெட்கத்தால் அல்ல. பத்திரிகை, வானொலி, திரைப்படம் எதிலும் அடையாளத்தை வெளியிடுவதில்லை என்பது எங்கள் சங்கம் கடைப்பிடிக்கும் மரபுகளில் பதினோராவது. என் படம் நாளிதழில் வந்து, நாளை நான் மறுபடி குடித்துவிட்டால், "அங்கே போயும் பயனில்லை" என்று ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். அந்த ஒருவரை இழக்க எனக்கு மனமில்லை.

மதுக்கடை பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. நாட்டின் குடிமகனாக அதைச் சொல்வேன். சங்கத்தின் பெயரால் சொல்லமாட்டேன். 1840இல் அமெரிக்காவின் பால்டிமோரில் குடிகாரர்களே தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் வேகமாக வளர்ந்தது. மதுவிலக்குச் சண்டைகளில் இழுபட்டுச் சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோனது. கடை வேண்டும் என்கிறவரும் வேண்டாம் என்கிறவரும் எங்கள் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவேண்டும்.

உங்கள் வீட்டில் யாரேனும் இப்படி இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிறகு எங்கள் கூட்டத்துக்கு வரட்டும். கட்டணம் இல்லை, பதிவேடும் இல்லை.