ஒரு கிராமத்துப் பண்ணை வீட்டுக்குக் கோயில் முகப்பு எதற்கு? (வில்லா எமோ)

இத்தாலியின் ஃபான்ட்சோலோ கிராமத்தில் உள்ள வில்லா எமோ என்ற பண்ணை வீட்டின் படத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வி எழும். முகப்பு ரோமானியக் கோயிலைப் போல இருந்தாலும், அது வேளாண்மை செய்தவர்களின் வீடுதான்.

கடல் வணிகத்தில் பணம் சேர்த்த வெனிஸ் நகரப் பெருங்குடும்பங்கள், 16ஆம் நூற்றாண்டில் நிலத்தில் முதலீடு செய்யத் தொடங்கின. அவற்றில் ஒன்றான எமோ குடும்பத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஆந்திரேயா பல்லாடியோ இதை வடிவமைத்தார். பழங்காலக் கோயில்களின் முக்கோண முகப்பே வீடுகளிலிருந்து வந்ததுதான் என்பது அவர் எண்ணம். ஆகவே அதை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்!

நடுவில் உயர்த்திக் கட்டிய வசிப்பிடம். அதன் முன்னால் அகலமான சாய்தளம். கதிரடிக்கும் களமாகவும் அது பயன்பட்டிருக்கலாம் என்பார்கள். இரு பக்கமும் நேராக நீளும், வளைவு வாயில்கள் கொண்ட தாழ்ந்த மண்டபங்களில் தானியக் களஞ்சியம், லாயம், திராட்சை மது அறை. கடைசியில் புறாக்கூண்டுக் கோபுரங்கள். மழையானாலும் வெயிலானாலும் முதலாளி நனையாமல், வியர்க்காமல் எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கலாம். 1570இல் வெளியான தன் கட்டடக்கலை நூலில் இந்த வசதியைப் பல்லாடியோவே குறிப்பிடுகிறார்.

வெளியே எளிய சாந்துப்பூச்சு. உள்ளேயோ சுவரெங்கும் செலோட்டி என்ற ஓவியரின் ஓவியங்கள். என் கண்ணுக்கு அந்தச் சிக்கனமான வெளிப்புறமே அழகு.

1996இல் இது யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. எமோ குடும்பம் 2004 வரை இதை வைத்திருந்தது.