பலூன் சிலிண்டர் பக்கத்தில் பிள்ளைகளை விடலாமா?

கேள்வி: குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பலூன்காரர் ஒருவர் துருப்பிடித்த சிலிண்டரில் ஏதோ போட்டு அங்கேயே கேஸ் தயாரித்தார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஆபத்தா, சார்?
- வாசகி, பேர்ணாம்பட்டு

பதில்: ஆபத்துதான் அம்மா, பக்கத்தில் விடாதீர்கள். உள்ளே போவது பெரும்பாலும் காஸ்டிக் சோடா, அலுமினியத் துண்டு, தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும், கூடவே கடும் சூடும் வரும். சூடு ஏற ஏற வினை இன்னும் வேகமாகும். அழுத்தத்தைத் துருப்பிடித்த இரும்பு எவ்வளவு நேரம் தாங்கும்? நெருப்பே இல்லாமல் பிளந்துவிடும். தெறிக்கும் காரநீர் கண்ணைப் பறித்துவிடும்.

வேலூரில் நான் வேதியியல் நடத்திய வகுப்புகளில் சோதனைக் குழாய் ஹைட்ரஜனுக்குத் தீக்குச்சி காட்டுவேன். 'பப்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான். சிலிண்டர் அளவில் அதே வினை ஆளைக் கொல்லும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தாலே ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். சட்டையில் உரசி வரும் சிறு பொறி போதும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

படித்தவர்கள் நடத்தும் இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2019 மே மாதம் தென்கொரியாவின் காங்நுங் நகரில் ஹைட்ரஜன் தொட்டிக்குள் ஆக்சிஜன் கலந்து வெடித்ததில் இருவர் இறந்தார்கள்.

ஹீலியம் பலூன் விலை அதிகம்தான், ஆனால் எரியாது. அப்புறம், வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். அதை அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தால் இன்றே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.