அந்த 119 பேர் எங்கே?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சதுர கிலோமீட்டருக்கு 119 பேர் இருக்கிறார்கள் என்று மகன் பாடத்துக்காக எழுதி வைத்திருக்கிறான். எங்கள் தோட்டத்தில் லயத்து வீடுகள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பாதி பூட்டிக் கிடக்கின்றன. அந்த 119 பேர் எங்கே ஐயா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மகன் எழுதியது சரிதான் அம்மா. 2020 கணக்கெடுப்பில் பேராக்கில் ஏறக்குறைய 25 லட்சம் பேர், நிலமோ சுமார் 21,000 சதுர கிலோமீட்டர், வகுத்தால் அதுதான் வரும். ஆனால் அந்த நிலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உலு பேராக் மாவட்டம். பெலும் காடும் தெமெங்கோர் ஏரியும் மலையுமாகக் கிடக்கும் அங்கே ஆள் குறைவு. ஈயம் தோண்டிய காலத்திலிருந்தே ஜனம் குவிந்தது கிந்தா மாவட்டத்துப் பக்கம், ஈப்போவைச் சுற்றி. இரண்டையும் சேர்த்து வகுத்தால் எந்த ஊருக்கும் பொருந்தாத எண்தான் கிடைக்கும்.

நாடு முழுக்க இதே கதை. கோலாலம்பூரில் 243 சதுர கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 20 லட்சம் பேர், அதாவது ஒரு சதுர கிலோமீட்டரில் 8,000 பேருக்கு மேல். சரவாக் மாநிலத்தில் அதே ஒரு சதுர கிலோமீட்டருக்கு வெறும் 20 பேர்.

உங்கள் தோட்டம் காலியானதற்குக் காரணம் வேறு. பால்மரம் (ரப்பர்) இருந்தவரை விடியற்காலையில் வெட்டுக்குப் போக, பால் எடுக்க, நிறைய கைகள் வேண்டியிருந்தன, அதனால் குடும்பம் குடும்பமாக லயத்தில் இருந்தோம். செம்பனையில் (எண்ணெய்ப் பனை) ஒரு மரத்துக்குப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்க் குலை வெட்டினால் போதும், அதே நிலத்துக்குக் கொஞ்சம் பேர் போதும் என்றாகிவிட்டது. பட்டணத்தை ஒட்டிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள், அவை தாமான்களாயின, அதாவது வீடமைப்புப் பகுதிகளாயின. பிள்ளைகள் வேலை தேடிக் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போனார்கள்.

இதில் என்னை வருத்துவது தமிழ்ப்பள்ளிதான். கட்டடம் தோட்டத்தில் நிற்கிறது, பிள்ளைகள் தாமானில் வளர்கிறார்கள். 150 மாணவர்களுக்குக் கீழே போனால் அது குறைந்த மாணவர் பள்ளி என்ற பட்டியலில் சேர்ந்துவிடும், அப்புறம் பெற்றோரே சேர்க்கத் தயங்குகிறார்கள். பக்கத்துத் தாமானில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது வீடு வீடாகப் போய் எண்ணியிருக்கிறார்களா? மாநிலச் சராசரி அதைச் சொல்லாது. உங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இந்த வேலையை எடுத்துச் செய்ய வேண்டும், பள்ளியை இடம் மாற்றக் கேட்பதற்கும் அந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

மகனை மாநிலத்தோடு நிறுத்திவிடாமல் மாவட்டம், அதன் உட்பிரிவான முக்கிம் வாரியாகவும் எடுத்து எழுதச் சொல்லுங்கள். புள்ளிவிவரத் துறை அதையும் வெளியிடுகிறது.