பழைய லேப்டாப்பில் சத்தமே இல்லை, மதர்போர்டு மாற்றத்தான் வேண்டுமா?

ஏற்காட்டில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: பழைய லேப்டாப், ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் சத்தமில்லை, சேலத்தில் ஒரு கடையில் மதர்போர்டு மாற்றச் சொல்கிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஒரு பென்டிரைவில் உபுண்டு (விண்டோஸ் போன்ற இன்னொரு இலவச இயங்குதளம்) போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் கோளாறு விண்டோஸ் பக்கம்தான். ஒலிப் பாகத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றினால் பெரும்பாலும் போதும். அங்கும் வரவில்லை, சவுண்ட் கார்டே (ஒலிக்கான பாகம்) காட்டவில்லை என்றால், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகளில்) ஆடியோ அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் போர்டில் உள்ள ஆடியோ சிப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்போதும் போர்டை மாற்றுவது வீண் செலவு. யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிச் செருகுங்கள், சில நூறு ரூபாய்தான். அதற்குள்ளேயே தனி சிப் இருப்பதால் பழுதான சிப் தேவையே இல்லை. மைக்கையும் அதிலேயே மாட்டலாம். ஆனால் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் அதன் பிறகும் பேசாது. ஹெட்போனோ வெளி ஸ்பீக்கரோ வேண்டும்.